வீடு திரும்புவதற்கான படிவம்

சேகரன் செய்த ஒரே தப்பு, அனுமதி கேட்டதுதான். அனுமதி கேட்காமலே நூறு வருடங்களுக்கு மேலாக நடந்துவந்த காரியம் அது.

மஸ்ஜித் தானாவிலிருந்து காரில் இருபது நிமிடம் போனால் ஒன்பதாங்கட்டைத் தோட்டம். கூலிகளுக்குக் கட்டிய வரிசை வீடுகளான லயத்தில் மிச்சமிருப்பவை பதினொரு வீடுகள், நாற்பத்து மூன்று பேர். தோட்டத்தில் வேலை செய்பவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் சுங்கை ஊடாங் பெட்ரோலிய எண்ணெய் ஆலைக்கும் பாச்சாங் கடைகளுக்கும் போய் வருகிறவர்கள். சேகரனுக்கு ஆலையில் குத்தகை வேலை, சாரம் கட்டுவது. எத்தனை உயரத்திலும் நிற்பான். அரசாங்க ஆபீஸ் கவுண்டர் முன்னால் நிற்கச் சொன்னால்தான் கால் நடுங்கும்.

இவர்களுடைய கொள்ளுப்பாட்டன்மார் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ரப்பர்த் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர்கள். ஹாங்காங்கிலிருந்து பம்பாய்க்குக் கப்பலில் வந்த பிளேக், பம்பாயிலிருந்து ரயிலேறி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. கூரையிலிருந்து எலி செத்து விழுந்தால் அடுத்தது மனிதன். எலி விழுந்ததும் ஊரையே காலி செய்துவிட்டுக் காட்டில் குடிசை போட்டுக்கொள்வார்கள். நோய்க்குப் பயந்தது பாதி, அதிகாரிகளுக்குப் பயந்தது மீதி. ஆய்வுக்கு வருகிறவர்கள் காய்ச்சல்காரனை முகாமுக்குத் தூக்கிப் போவார்கள், வீட்டுக் கூரையைப் பிரித்துப் போடுவார்கள், துணிமணிகளைக் கொளுத்துவார்கள். அதனால் செத்தவனை அடுப்பங்கரையிலேயே புதைத்துவிட்டு, 'வெளியூர் போயிருக்கிறான்' என்று சாதித்த குடும்பங்களும் இருந்தன.

அதன் நினைவாக மாசியில் ஒரு நாள். சேகரனின் மனைவி ஜெயா அரிசி மாவு, வெல்லம், தேங்காய், ஏலக்காய் சேர்த்து ஓர் எலி பிடித்து ஆவியில் வேகவைப்பாள். மிளகில் இரண்டு கண், வாழைநாரில் ஒரு வால். அதை முதல் வீட்டுக் கூரை விட்டத்திலிருந்து கீழே தள்ளுவார்கள். "எலி விழுந்திருச்சு!" என்று ஒரு கூச்சல். உடனே வாசலில் வேப்பிலையைச் செருகி, வீட்டைப் பூட்டிக்கொண்டு, அத்தனை பேரும் ஆற்றங்கரைக்குப் போவார்கள். அங்கே பொங்கல் வைத்து, பிளேக் மாரியம்மனைக் கும்பிட்டு, மாவு எலியைப் பிய்த்து ஆளுக்கொரு துண்டு தின்றுவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிப் பதினொரு வீட்டிலும் விளக்கேற்ற வேண்டும். விளக்கு தப்பினால் அந்த வருடம் வீடு தங்காது என்பது நம்பிக்கை.

வீடு தங்குமா என்ற கேள்வி இப்போது அம்மன் கையில் மட்டும் இல்லை. நிலத்தை வாங்கிய புது முதலாளி இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். மாற்று வீடு கட்டித் தரும்வரை குடியிருப்பவர்கள் இருக்கலாம். ஆனால் ஆளில்லாத வீடு ஒப்படைக்கப்பட்ட வீடாகக் கருதப்பட்டு இடிக்கப்படும். மாற்று வீடு இன்னும் வரைபடத்தில்கூட எழும்பவில்லை. ஆளில்லாத வீடு ஏதும் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் மாதந்தோறும் ஒரு வெள்ளைக் கார் தவறாமல் வந்தது.

போன மாசியில் அந்தக் கார் சரியாக எலி விழுந்த நாளில் வந்து, பதினொரு பூட்டுகளையும் படம் எடுத்துக்கொண்டு போனது. ஜெயா முதலாளியின் ஆபீசுக்கே போய் அழுது கூச்சல் போட்டதில்தான் வீடுகள் தப்பின. இந்த வருடம் கையில் ஓர் அரசாங்கக் காகிதம் இருந்தால் நல்லது என்று சேகரன் நினைத்தான்.

"காயிதம் கேட்டு எவன்கிட்டயும் போகாத, தம்பி" என்றார் ஏழாம் நம்பர் வீட்டு மாயாண்டி. "குடுக்குறவன் அதுல நம்ம பேரை எழுதுவான். பேரைத் தெரிஞ்சுகிட்டா வீட்டு நம்பரைக் கேப்பான்லா."

மாயாண்டி ஆலையில் இருபத்தாறு வருடம் காவலாளியாக இருந்தவர். சந்தேகப்படுவதற்காகச் சம்பளம் வாங்கியவர். ஓய்வுபெற்ற பிறகு அதை இலவசமாகச் செய்துவந்தார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை ஜோகூரில். கதவில் மூன்று பூட்டு.

"நம்ம நல்லதுக்குத்தான் மாமா" என்றான் சேகரன்.

"அவனுங்களும் அதையேதான் சொல்லுவானுங்க, பாரு."

அவசரகால முன்னாயத்த வாரியத்தின் அலுவலகம் பாச்சாங்கில், ஒரு மெத்தைக் கடையின் மாடியில் இருந்தது. ஏறுவதற்கு ஒரு படிக்கட்டு, அவசரத்தில் இறங்குவதற்கு இன்னொரு படிக்கட்டு. இரண்டாவதில் பழைய விழாப் பதாகைகளைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். துணை ஒருங்கிணைப்பாளர் பாலகிருஷ்ணன் சேகரனை உட்காரச் சொன்னார். சேகரன் நாற்காலியை ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். தொழில் பழக்கம்.

ஆற்றங்கரையில் அடுப்பு மூட்ட அனுமதி, வீடுகள் காலியாகவில்லை என்று ஒரு கடிதம். இரண்டே விஷயம். ஆனால் காரணம் கேட்டார்கள். சேகரன் எலியிலிருந்து விளக்கு வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

"எத்தனை பேர் வெளியாவாங்க?" என்றார் பாலகிருஷ்ணன்.

"எல்லாரும் சார். நாப்பத்து மூணு பேரு."

"யாரும் போய் சொல்லாமலா?"

"எலி விழுந்தா கெளம்பிருவோம் சார்."

பாலகிருஷ்ணன் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "ஒம்பது வருஷமா இந்த போர்டை நடத்துறேன் தலைவரே. வருஷத்துக்கு மூணு வெளியேற்றப் பயிற்சி செய்யணும்னு மேல இருந்து டார்கெட். போன வருஷம் ஒரு ஃபிளாட்ல அலாரம் அடிச்சோம். நானூறு பேர்ல மூணு பேர் கீழ வந்தாங்க. ரெண்டு பேரு கடைக்குப் போறவங்க. மூணாவது ஆளு எங்க ஆபீசர்."

"நான் தலைவர் இல்ல சார். சாரம் கட்டுறவன்."

"இனிமே தலைவர்."

கூடாரம் வாரியத்தின் செலவு என்றார். நாற்காலி, மத்தியானச் சாப்பாடு, ஆளுக்கொரு மஞ்சள் சட்டை, எல்லாமே வாரியத்தின் செலவு. கடிதத்தையும் அங்கேயே அடித்துக் கொடுத்தார். மேற்படி பதினொரு வீடுகளின் வெளியேற்றம் வாரியத்தின் பயிற்சி, பயிற்சி வெற்றிபெறும் பட்சத்தில் வீடுகள் காலியானவையாகக் கருதப்படமாட்டா என்று அதில் இருந்தது. சேகரன் இரண்டு தடவை படித்தான்.

"வெற்றி பெறாட்டி சார்?"

"ஏன் பெறாது? நாப்பத்து மூணு பேரும் வெளியே வந்தா வெற்றி. ஒருத்தர் உள்ள இருந்தா தோல்வி. தோல்வின்னா பயிற்சியே நடக்கலைன்னு அர்த்தம். பயிற்சி நடக்காம வீடு பூட்டிக் கிடந்தா…" பாலகிருஷ்ணன் வாக்கியத்தை முடிக்காமல் சிரித்தார். "அப்படியெல்லாம் ஏன் நெகட்டிவா யோசிக்கிறீங்க?"

சேகரன் வீட்டுக்கு வந்து அந்தக் கடிதத்தை ஜெயாவிடம் கொடுத்தான். அவள் அதை வாங்கி அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்தாள். வைத்துவிட்டு, "சும்மா எதுக்கு சாப்பாடு போடுறாங்க?" என்று கேட்டாள். அன்று முழுவதும் லயத்தில் எல்லோரும் அதையேதான் கேட்டார்கள். சாப்பாட்டில் மயக்க மருந்து இருக்கும் என்று ஒரு கட்சி. சட்டையைப் போட்டவுடன் படம் எடுத்து, 'வீட்டை ஒப்படைத்த மகிழ்ச்சியில் மக்கள்' என்று பேப்பரில் போடுவார்கள் என்று இன்னொரு கட்சி. சட்டை வேண்டாம் என்று மட்டும் ஒரு கட்சியிலும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் வாரியத்தின் வரலாற்று ஆலோசகர் கமலவேணி படிவங்களோடு வந்தார். பட்டுச் சேலை, கறுப்புக் கண்ணாடி. வீட்டுக்கு வீடு கேள்விகள். குடும்பத்தில் கடைசியாகப் பிளேக் வந்த தேதி என்ன? எலி எந்தப் பக்கமாக விழும்? எலி விழாத வருடங்களில் மாற்று ஏற்பாடு உண்டா? ஒவ்வொருவருக்கும் கையில் கட்டிக்கொள்ள எண் போட்ட மஞ்சள் பட்டை.

மாயாண்டி மூன்று தடவை கதவைத் திறக்கவில்லை. நான்காவது தடவை ஜன்னல் வழியாகக் கையெழுத்துப் போட்டார். பட்டியலில் கடைசிப் பெயர், நாற்பத்து மூன்று. பட்டையை விழா அன்றைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

"வருவீங்கதானே மாமா?" என்று சேகரன் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டான்.

"எல்லாரையும் ஒரே நேரத்துல வெளிய கொண்டுவரப் பாக்குறான். ஏன்னு யோசிச்சியா? எங்க தாத்தன் காலத்துல கூரையைப் பிரிச்சவனும் இப்படித்தான் முதல்ல பேரு எழுதினான்."

"நீங்க வராட்டி பதினோரு வீடும் போயிரும் மாமா."

உள்ளே ஒரு பூட்டுப் போடும் சத்தம் கேட்டது. அது வருகிறேன் என்பதற்கான சத்தமாகச் சேகரனுக்குத் தோன்றவில்லை.

அந்த நாளும் வந்தது. லயத்தின் வாசலில் ஆறு கூடாரம், ஒரு மேடை, 'பிளேக் வெளியேற்ற விழா, அனைவரும் வருக' என்று ஒரு பதாகை. பதாகையில் வாரியத்தின் இயக்குநர் சிரித்துக்கொண்டிருந்தார். இயக்குநர் வரும்வரை எலியைப் பிடித்து வைக்கச் சொன்னார்கள். விடியற்காலையில் விழ வேண்டிய எலி பத்து மணி வரை விட்டத்திலேயே இருந்தது. கடைசியில் இயக்குநர் வரவில்லை என்று தகவல் வந்தது. அவர் வாரியத்தின் எந்த நிகழ்ச்சிக்கும் வந்ததில்லை, ஆபத்து நேரத்தில் தலைமை பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பது விதி என்று பாலகிருஷ்ணன் விளக்கினார்.

எலி விழுந்தது. படம் சரியாக வரவில்லை என்றார்கள். மறுபடியும் விட்டத்தில் ஏற்றினார்கள். "இந்தத் தடவை கொஞ்சம் மெதுவா விழட்டும்" என்றார் படம் எடுப்பவர். மூன்றாவது தடவை விழுந்தபோது ஒரு காது உடைந்துபோனது. வெள்ளை உடையும் முகமூடியும் போட்ட ஓர் அதிகாரி ஓடி வந்து, இடுக்கியால் எலியை எடுத்து ஒரு ஐஸ் பெட்டியில் வைத்து மூடினார்.

"ஐயோ, அதை எங்க சார் எடுத்துட்டுப் போறீங்க?" என்று ஜெயா குறுக்கே போனாள். "அது ஆத்தாவுக்கு வெச்சது. பிச்சு எல்லாருக்கும் குடுக்கணும்."

"மேடம், பிளேக் எலியைத் தொட்டவங்க வரலாத்துல என்ன ஆனாங்கன்னு தெரியுமா?"

"நான்தான் சார் அதைச் செஞ்சேன். வெல்லம் போட்டு."

"மூலப்பொருளெல்லாம் லேப்ல பாத்துக்குவாங்க" என்றார் அதிகாரி. பெட்டி மூடியது மூடியதுதான்.

ஆற்றங்கரையில் பொங்கல் பொங்கும்போது பேச்சு ஆரம்பித்தது. முதலில் கமலவேணி. "அன்பு மக்களே, பிளேக் சாதாரண நோய் அல்ல. ஐரோப்பாவில் மூன்றில் ஒரு பங்கு மக்களை அது அழைத்துச் சென்றது. அரசர்களையும் விடவில்லை. இவ்வளவு பரந்த பங்கேற்பை இன்றுவரை எந்த நிகழ்ச்சியாலும் எட்ட முடியவில்லை. நம்முடைய பங்கேற்பாளர் இன்று நாற்பத்து மூன்று பேர்தான். ஆனால் பிளேக்கும் ஒரு துறைமுகத்தில், சில எலிகளோடுதான் தொடங்கியது என்பதை மறந்துவிடாதீர்கள்." கைதட்டினார்கள். தட்டலாமா என்று சேகரனைப் பார்த்துவிட்டுத் தட்டினார்கள்.

அடுத்து பாலகிருஷ்ணன். "அந்தக் காலத்தில் மக்கள் ஏன் அதிகாரிகளைக் கண்டு ஓடினார்கள்? தொடர்பாடல் சரியில்லை. வீட்டுக் கூரையைப் பிரிப்பதற்கு முன்னால் ஒரு விளக்கக் கூட்டம்கூட வைக்கவில்லை. நம் வாரியம் அன்றைக்கு இருந்திருந்தால், இறந்தவர் எண்ணிக்கை குறைந்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் முறையாகப் பதிவு செய்யப்பட்டு இறந்திருப்பார்கள்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்த மனிதர் அதை மனசாரத்தான் சொன்னார். சேகரனைப் பயமுறுத்தியது அதுதான். திருடன் என்றால் பார்த்துக்கொள்ளலாம். இவர் நல்லவராக இருந்தார்.

நாலரை மணிக்கு ஜெயா பானையைக் கழுவினாள். "கெளம்புவோம். விளக்கு வைக்கணும்."

லயத்து வாசலுக்கு வந்ததும், "கொஞ்சம் பொறுங்க" என்று மறித்தார் பாலகிருஷ்ணன். லயத்தைச் சுற்றிச் சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தார்கள். அதற்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, வாரியத்தின் கையேட்டைப் புரட்டினார். வெளியேறுவது எப்படி என்று அறுபத்து நான்கு பக்கம். திரும்புவது எப்படி என்பதற்கு ஒரு தலைப்பு மட்டும். கீழே, 'தயாரிப்பில் உள்ளது'.

"திரும்புறதுக்குப் படிவம் இல்லையா சார்?" என்றான் சேகரன்.

"இதுவரைக்கும் யாருமே வெளிய வந்தது இல்லையே தலைவரே. வராதவங்களுக்குத் திரும்புற படிவம் எதுக்கு அடிப்பாங்க?" பாலகிருஷ்ணன் யோசித்தார். "பரவால்ல. தலையை எண்ணுவோம். நாப்பத்து மூணு சரியா இருந்தா பயிற்சி வெற்றின்னு கையெழுத்துப் போட்டுட்டு வாய்மொழியா அனுப்பிருவேன்."

எண்ணினார்கள். நாற்பத்து இரண்டு. கைப்பட்டையை வைத்து எண்ணினார்கள். நாற்பத்து இரண்டு. கமலவேணி கண்ணாடியைக் கழற்றிவிட்டு எண்ணினார். அப்போதும் நாற்பத்து இரண்டு.

மாயாண்டி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. லயத்து ஆட்கள் எல்லோரும் ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏழாம் நம்பர் வீட்டுக்குள்ளிருந்து ரேடியோ மெல்லப் பாடிக்கொண்டிருந்தது.

"அது என்ன சத்தம்?" என்றார் பாலகிருஷ்ணன்.

"ரேடியோவை அணைக்காம வந்துட்டோம் சார்" என்றாள் ஜெயா.

வெயில் தோட்டத்து எண்ணெய்ப்பனையான செம்பனையின் மட்டைகளுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மாயாண்டி உள்ளே இருக்கிறார் என்று சொன்னால் பயிற்சி தோல்வி, கடிதம் செல்லாது, பதினொரு வீடும் பூட்டிக் கிடந்த வீடு. சொல்லாவிட்டால் ஓர் ஆள் குறைகிறது, விளக்கு தப்புகிறது. தாத்தன் காலத்தில் இப்படித்தான் ஒருவன் முன்னால் ஓர் அதிகாரி நின்று, பக்கத்து வீட்டில் காய்ச்சல்காரன் இருக்கிறானா என்று கேட்டிருப்பான். காட்டிக்கொடுத்தவன் பிறகு எப்படித் தூங்கினான் என்று சேகரன் நினைத்துப் பார்த்தான். தன்னால் முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது.

மேசைமேல் நாற்பத்து மூன்று என்று எழுதிய மஞ்சள் பட்டை கேட்பாரற்றுக் கிடந்தது. அதன் பக்கத்தில் ஐஸ் பெட்டி.

"சார்" என்றான் சேகரன். "எலியும் எங்க வீட்லேர்ந்துதான் வெளிய வந்துச்சு."

பாலகிருஷ்ணன் பெட்டியைப் பார்த்தார். "அது குடியிருந்ததா?"

"நேத்து ராத்திரிலேர்ந்து விட்டத்துலதான் சார் இருந்துச்சு."

"வரலாற்று ரீதியாகப் பார்த்தால்" என்று கமலவேணி ஒரு விரலை உயர்த்தினார், "எந்தப் பிளேக்கிலும் முதலில் வெளியேறுவது எலிதான். அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதுதான் இதுவரை நடந்த ஆய்வுகளின் பெரிய குறை."

பாலகிருஷ்ணனின் முகம் மலர்ந்தது. பட்டையை எடுத்து அவரே பெட்டியின் கைப்பிடியில் கட்டினார். வெளியேறியோர் நாற்பத்து மூன்று, வெற்றி நூறு சதவீதம். தலைவர் என்ற இடத்தில் சேகரன் கையெழுத்துப் போட்டான். எதில் போடுகிறோம் என்று முழுதாகப் படிக்கவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நாடாவைத் தாண்டி ஓடி, பதினொரு வீட்டிலும் விளக்கேற்றினார்கள். ஏழாம் நம்பரில் மட்டும் முன்கூட்டியே எரிந்துகொண்டிருந்தது.

மூன்று வாரம் கழித்து ஏழாம் நம்பர் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. மாயாண்டி அதைத் தூக்கிக்கொண்டு சேகரன் வீட்டு வாசலில் வந்து நின்றார். "படிச்சுக் காட்டு. என் கண்ணுல கோளாறான்னு பாக்கணும்."

சேகரன் படித்தான். 'அமரர் மாயாண்டி குடும்பத்தாருக்கு. நாற்பத்து மூன்றாம் எண் பங்கேற்பாளர் ஆய்வகத்துக்கு வந்து சேரும்போதே உயிருடன் இல்லை. உடலில் வெல்லமும் ஏலக்காயும் காணப்பட்டன. இடது காது இல்லை. உயரத்திலிருந்து மூன்று முறை விழுந்த அடையாளம் உண்டு. பிளேக் உறுதி செய்யப்படவில்லை; மறுக்கப்படவும் இல்லை. ஆகவே இது சந்தேகத்துக்குரிய பிளேக் மரணமாகப் பதிவு செய்யப்படுகிறது. வீடு ஆளில்லாததாகிறது. நகல்: நில உரிமையாளர்.'

"நான்தான் மாமா எலியை உங்க கணக்குல சேக்கச் சொன்னேன்." சேகரன் கடிதத்தைக் கீழே இறக்கினான். "எல்லார் வீட்டையும் காப்பாத்தப் போயி உங்க வீட்டை…"

மாயாண்டி கடிதத்தைத் திரும்ப வாங்கி மடித்தார். "அன்னிக்கு நான் உள்ள இருக்கேன்னு சொன்னியா?"

"இல்ல மாமா."

"அது போதும்லா" என்றார்.

மறுநாள் பாலகிருஷ்ணன் மலர்வளையத்தோடு வந்துவிட்டார். ஏழாம் நம்பர் கதவைத் தட்ட, மாயாண்டியே திறந்தார்.

"அன்னாரோட உறவுக்காரரா?" என்றார் பாலகிருஷ்ணன்.

"ரொம்ப நெருக்கம். சின்ன வயசுலேர்ந்து கூடவேதான் இருக்கேன்."

"நல்ல மனுஷன்னு கேள்விப்பட்டேன். மாநிலத்துலயே பயிற்சியில உயிர் விட்ட முதல் ஆள். ஆண்டறிக்கையில அவருக்குத் தனிப் பக்கம் போடப் போறோம்." மலர்வளையத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தவர், சட்டென்று இரண்டு அடி பின்னால் போனார். "நீங்க உள்ள இருக்கக் கூடாதே ஐயா."

"ஏன்?"

"கடிதத்துல ரெண்டாம் பக்கம் பாக்கலையா? சந்தேகத்துக்குரிய பிளேக் மரணம் நடந்த வீடு. மறுநுழைவுக் குழு சான்றிதழ் குடுக்குற வரைக்கும் யாரும் உள்ள போகக் கூடாது, தொடக் கூடாது, இடிக்கவும் கூடாது."

மாயாண்டி காவலாளியாக இருந்த காலத்துப் பார்வை ஒன்றைப் பார்த்தார். "அந்தக் குழு எங்க இருக்கு?"

"இன்னும் அமைக்கலை."

"எப்ப அமைப்பாங்க?"

"திரும்புற படிவம் தயாரானதும்" என்றார் பாலகிருஷ்ணன்.

அவர் போனதும் மாயாண்டி மலர்வளையத்தை வாசல் ஆணியில் மாட்டினார். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வேப்பிலைக்குப் பக்கத்தில் ஒட்டினார். பிறகு உள்ளே போய் ரேடியோவைப் போட்டுக்கொண்டார்.

பத்தாம் நாள் வெள்ளைக் கார் வந்தது. பின்னாலேயே லாரியில் ஒரு மண்வாரி இயந்திரம். ஆளில்லாத ஏழாம் நம்பர் வீட்டை இடிக்க வந்தவர்கள். முதலாளியின் ஆள் கதவுக்குக் கிட்டே போய்க் கடிதத்தைப் படித்தான். உதடு அசைய மறுபடியும் படித்தான். உள்ளே யாரோ இருமும் சத்தம் கேட்டது. மாயாண்டி இருபத்தாறு வருட அனுபவத்தையும் சேர்த்து இருமினார். அளக்கும் நாடாவை அங்கேயே போட்டுவிட்டு அவர்கள் போனார்கள். லாரி, திரும்ப இடமில்லாமல், பின்பக்கமாகவே பெரிய சாலை வரைக்கும் போனது.

லயத்தில் அன்று யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. எல்லோரும் ஏழாம் நம்பர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடிதம் இருப்பது ஒரு வீட்டுக்குத்தான். மற்றப் பத்து வீடுகளின் 'வெற்றி' அந்த வருடத்தோடு முடிந்துவிடும்.

"எங்க தாத்தன் செத்தவனை மறைச்சு வீட்டைக் காப்பாத்தினான்" என்றார் மாயாண்டி. "இவனுங்க காலத்துல செத்தவனைக் காட்டினாத்தான் வீடு நிக்கும் போல இருக்கு."

ஜெயா சேகரனைப் பார்த்தாள். "ஒரு எலிக்கு எத்தனை கப் மாவு போட்டேன்னு ஞாபகம் இல்ல. ஒரு அஞ்சு கிலோ வாங்கிட்டு வாங்க. பாத்துக்கலாம்."

அடுத்த மாசியில் உண்மையான நாளை யாருக்கும் சொல்லாமல் நடத்தினார்கள். விடியும்போதே ஓர் எலி விழுந்தது. கூச்சலைக்கூட மெதுவாகத்தான் போட்டார்கள். மாயாண்டியை மட்டும் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். அவர் இறந்தவர் என்பதால் எல்லோரும் வெளியேறியதாகவே அம்மன் எடுத்துக்கொள்வாள் என்று ஜெயா சொன்னாள். எலியைப் பிய்த்து ஆளுக்கொரு துண்டு தின்றார்கள். வெள்ளைக் கார் வரவில்லை. விளக்கு தப்பவில்லை.

வாரியத்தின் விழா அதற்கு அடுத்த வாரம். கூடாரங்கள், பதாகை, சிரிக்கும் இயக்குநர் எல்லாம் வந்து சேர்ந்தன. பாலகிருஷ்ணன் வேனிலிருந்து இறங்கியபோது லயத்து வாசலில் ஒரு நீள மேசை போட்டிருந்தது. அதன்மேல் வாழையிலை விரித்து, நாற்பத்து மூன்று மாவு எலிகள், வரிசையாக. ஒவ்வொன்றின் கழுத்திலும் வாரியம் முன்கூட்டி அனுப்பிய மஞ்சள் பட்டை; பழைய பட்டியல் என்பதால் அமரர் மாயாண்டிக்கும் ஒன்று. வீடுகளின் கதவுகள் எல்லாம் உள்பக்கமாகத் தாழிட்டிருந்தன.

சேகரன் மட்டும் வெளியே நின்றான். "எல்லாரும் வெளிய வந்துட்டாங்க சார்."

பாலகிருஷ்ணன் மேசையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்தார். பட்டைகளை எண்ணினார். ஒரு கதவுக்குப் பின்னால் குழந்தை ஒன்று சிணுங்கியது, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். சேகரன் சத்தமாகத் தொண்டையைக் கனைத்தான்.

"போன வருஷமே முன்மாதிரி இருக்கு" என்றார் பாலகிருஷ்ணன் கடைசியில். "எங்க கையெழுத்துப் போடணும்?"

எலிகள் ஐஸ் பெட்டிகளில் ஆய்வகத்துக்குப் போயின; ஒரு மாதத்தில் 'சந்தேகத்துக்குரிய பிளேக் மரணம்' என்று கடிதங்கள் வந்தன. பதினொரு வீட்டுக் கதவிலும் இப்போது வேப்பிலைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை தொங்குகிறது. வெள்ளைக் கார் பெரிய சாலையிலேயே திரும்பிவிடுகிறது. கடிதங்களோடு வாரியத்தின் ஆண்டறிக்கையும் ஒரு பிரதி வந்தது. ஒன்பதாங்கட்டைத் தோட்டத்துக்கு அதில் முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். சேகரன் அதை வாசலில் உட்கார்ந்து ஜெயாவுக்கும் மாயாண்டிக்கும் உரக்கப் படித்துக் காட்டினான்.

'பங்கேற்பாளர்கள் நாற்பத்து மூவரும் குறித்த நேரத்தில் வெளியேறினர். வாரியத்தின் வரலாற்றிலேயே இவ்வளவு ஒழுக்கமான பொதுமக்களை நாங்கள் கண்டதில்லை. எவரும் வீடு திரும்ப வேண்டும் என்று கேட்கவில்லை.'